ஜன்னல் பார்த்து வரைந்த தூண்

அன்புள்ள அண்ணனுக்கு,

எங்கள் ஊர் மாதா கோயிலில் பீடத்துக்குப் பின்சுவரில் இரண்டு தூண்கள் வரைந்திருக்கிறார்கள். சின்ன வயதில் அதைக் கட்டிப்பிடிக்கப் போய், வெறும் சுவரில் கை பட்டுத் திகைத்து நின்றிருக்கிறேன். போன வருடம் வலதுபக்கம் ஃபோகஸ் லைட் போட்டார்கள். அதிலிருந்து தூண்கள் சப்பையாகத் தெரிகின்றன. பெயிண்ட் அப்படியேதான் இருக்கிறது. “நிஜத் தூண் கட்ட வசதி இல்லாமல் செய்த ஏமாற்று வேலை, டைல்ஸ் ஒட்டிவிடலாம்” என்று கமிட்டியில் பேச்சு. ஏன் இப்படி ஆனது? ஏமாற்று வேலைதானா?

வாசகி, குளச்சல்

அன்புள்ள தங்கைக்கு,

பீடத்தைப் பார்த்து நின்றால் உங்களுக்கு இடதுபக்கம் ஒரு ஜன்னல் இருக்க வேண்டுமே. வரைந்தவர் அதை நம்பித்தான் வரைந்திருப்பார். ஜன்னல் பக்கம் வெளுப்பு, மறுபக்கம் கருமை, அதற்கு அப்பால் சுவரில் தூணின் நிழல். கோயிலுக்குள் விழும் வெளிச்சமும் படத்துக்குள் இருக்கும் வெளிச்சமும் ஒரே திசையில் வந்தால் கண் நம்பிவிடும். இப்போது வெளிச்சம் வலதிலிருந்து அடிக்கிறது. கணக்கு உதைக்கிறது.

தூணை உருண்டையாகக் காட்டுவதில் இன்னொரு நுட்பம் உண்டு. கருமையை ஓரம்வரை இழுத்துவிட்டால் தூண் உருண்டையாகத் தெரியாது. சற்று முன்பே நிறுத்தி, விளிம்பில் மங்கலாக ஒரு கீற்று வெளிச்சம் விட வேண்டும். ஜன்னலோரம் வெள்ளை வேட்டிமேல் ஒரு முட்டையை வைத்துப் பாருங்கள். வேட்டியில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் முட்டையின் நிழல்பக்கத்து அடிவிளிம்பில் தெரியும். உங்கள் தூணில் அந்தக் கீற்று இருந்தால், வரைந்தவர் சாதாரண ஆள் இல்லை.

நாம் நிற்கும் இடமும் முக்கியம். சிறுவயதில் அம்மன் கோயில் கொடைக்கு நாடகம் போடுவார்கள். தெரு வரைந்த சீன் திரை இறங்கும். ஓரத்தில் உட்கார்ந்தால் வீடுகள் சாய்ந்து கிடக்கும். அப்பா என்னைத் தூக்கிப்போய் நடுவில் உட்கார வைத்ததும் அந்தத் தெரு உள்ளே நீண்டுகொண்டே போனது. இன்றும் அது கண்ணில் நிற்கிறது.

ரோமில் புனித இஞ்ஞாசியார் ஆலயத்தில் குவிமாடம் கட்டாமல் விட்டுப்போன இடத்தில், 1685-இல் அந்திரேயா பொட்சோ சுமார் 17 மீட்டர் அகலத் துணியில் ஒரு குவிமாடத்தை வரைந்து பொருத்தினார். இயேசு சபைக்காரர், நம் கோட்டாறு சவேரியாரின் அதே சபை. எங்கே நின்று பார்க்க வேண்டும் என்று தரையில் வட்டக்கல் பதித்து அடையாளம் வைத்திருக்கிறார்கள். அதைத் தாண்டி நடந்தால் மாடம் கோணிக்கொள்ளும். உயரமும் அவருக்குத் துணை. கிட்டத்தில் நம் இரண்டு கண்ணும் சற்று வேறுவேறாகப் பார்க்கும், அதனால் தட்டை என்பது தெரிந்துவிடும். தூரம் கூடக்கூட அந்த வித்தியாசம் குறையும். கட்டிப்பிடிக்கக் கிட்டே போன பிறகுதானே உங்களுக்கும் தூண் சுவரானது?

சரி, வசதி இல்லாமல் செய்ததாகவே இருக்கட்டும். ரோமிலும் மாடம் கட்டாததால்தான் அந்தப் படமே வந்தது. எந்த ஜன்னலில் வெயில் வரும், நீங்கள் எங்கே முழந்தாளிடுவீர்கள் என்று பார்த்துப் பார்த்து வரைந்த கை அது. அதை ஏமாற்று என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. டைல்ஸ் ஒட்ட விட்டுவிடாதீர்கள். கமிட்டிக்காரர்களை ஒருநாள் காலையில், லைட் போடாமல், நடுப்பாதையில் நிறுத்திக் காட்டுங்கள். அப்புறம் அந்த ஃபோகஸ் லைட்டை இடதுபக்கச் சுவருக்கு மாற்றச் சொல்லுங்கள்.