மாப்பிள்ளையை விசாரிக்க மாதச் சந்தா எதற்கு?

கேள்வி: என் மகளுக்கு இலண்டனில் இருந்து ஒரு சம்பந்தம் வந்திருக்கிறது. மாப்பிள்ளை பதினைந்து வருடமாக அங்கே இருப்பதாகவும், சொந்த வீடும் ஒரு கடையும் வைத்திருப்பதாகவும் தரகர் சொல்கிறார். அவரைப் பற்றி அறிவதற்காக என் பெறாமகன் ஓர் இணையத்தளத்தைக் கண்டுபிடித்து, ஒரு டொலர் கட்டினால் ஏழு நாட்கள் பார்க்கலாம் என்றிருந்ததால் தனது வங்கி அட்டை இலக்கத்தைக் கொடுத்தான். வந்த அறிக்கையில் அதே பெயரில் நான்கு பேர் இருந்தார்கள், நால்வரும் அமெரிக்காவில். எட்டாம் நாள் இரவு, முப்பது டொலர் கழிக்கப்பட்டதாக வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்தது. சந்தா கட்டாமல், எங்களுக்குக் கட்டுப்படியாகும் செலவில் விசாரிக்க வழி உண்டா?
– ஒரு தாய், புதுக்குடியிருப்பு

பதில்: அம்மா, முதலில் அந்த இணையத்தளத்தில் உள்ள கணக்கை மூடும்படி பெறாமகனிடம் சொல்லுங்கள். செயலியைக் கைப்பேசியிலிருந்து அழித்துவிட்டால் சந்தா நின்றுவிடாது. அந்தத் தளத்திற்குள் சென்று சந்தாவை இரத்துச் செய்து, இரத்தானதாகக் காட்டும் திரையைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, அதன் பிறகும் பணம் கழிக்கப்பட்டால் அந்தப் படத்துடன் வங்கியில் எழுத்துமூலம் முறையிட வேண்டும்.

நால்வரும் அமெரிக்கராக வந்ததில் வியப்பில்லை. அமெரிக்காவில் நீதிமன்றப் பதிவுகளும் வீடு, காணிப் பதிவுகளும் பெரும்பாலும் எவரும் பார்க்கக்கூடியவை என்பதால், அவற்றைத் திரட்டி மாதக் கட்டணத்திற்கு விற்பதே இத்தகைய தளங்களின் தொழில். அங்குள்ளவரைத் தேடுவதற்குக்கூட அவை கட்டாயமில்லை. சமஷ்டி நீதிமன்றங்களின் 'பேசர்' என்னும் தளத்தில் ஒரு பக்கத்திற்குப் பத்துச் சதமே கட்டணம், மூன்று மாதத்தில் முப்பது டொலரைத் தாண்டாவிட்டால் அதுவும் அறவிடப்படுவதில்லை. பிரித்தானியாவிலோ ஒருவரின் குற்றப் பதிவை வெளியார் விலைக்கு வாங்க முடியாது. போதாததற்கு நம் பெயர்களின் சிக்கல் வேறு: பிறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்துக்கூட்டல், கடவுச்சீட்டில் இன்னொன்று, இலண்டன் போனதும் தகப்பனார் பெயர் குடும்பப் பெயராகிவிடுவது என்று மாறிக்கொண்டே போகும் ஒரு பெயரை எந்தக் கணினியாலும் சரியாகப் பிடிக்க இயலாது. ஆகவே கடவுச்சீட்டில் உள்ளபடி பெயரையும் பிறந்த திகதியையும் வீட்டு விலாசத்தையும் முதலில் கேட்டு வாங்குங்கள். இவற்றைத் தரத் தயங்குபவரோடு பேச்சைத் தொடர்வதா என்று யோசிக்க வேண்டியிருக்கும்.

விலாசம் கிடைத்தால், சொந்த வீடா என்பதை அறிய இங்கிலாந்தின் அரச காணிப் பதிவகத் தளத்தில் அந்த வீட்டின் உரிமைப் பதிவைப் பெறலாம். அதற்கு ஒரு தடவை செலுத்தும் கட்டணம் 7 பவுண்ட்ஸ். உரிமையாளர் பெயரும், வீடு வங்கிக் கடனுக்கு ஈடு வைக்கப்பட்டிருந்தால் அந்த விபரமும் அதில் இருக்கும். இதே பத்திரத்தைப் பன்மடங்கு விலைக்கு விற்கும் இடைத்தளங்களும் உண்டு என்பதால், அரச தளம்தானா என்று பார்த்தே பணம் கட்டுங்கள். கடை கம்பனியாகப் பதியப்பட்டிருந்தால் 'கம்பனீஸ் ஹவுஸ்' தளத்தில் அவருடைய பெயரை இலவசமாகவே தேடலாம். பணிப்பாளர் யார், ஆண்டுக் கணக்கு ஒழுங்காகக் கொடுக்கப்படுகிறதா, கம்பனி பதிவிலிருந்து நீக்கப்பட்டுவிட்டதா என்பதெல்லாம் அங்கே தெரியும். கடனில் முறிந்தவர்களின் பதிவேடும் இலவசம்தான்.

குற்றப் பதிவு பற்றிய அடிப்படைச் சான்றிதழை, 'டிபிஎஸ்' என்று அங்கே சொல்வதை, அவரே விண்ணப்பித்து எடுக்க வேண்டும். கட்டணம் 21.50 பவுண்ட்ஸ். கேட்டால் கோபித்துக்கொள்வார்களே என்று நீங்கள் அஞ்சக்கூடும். ஆனால் மகளை அங்கே அழைப்பதற்கான விசாவிற்கு, அவர் வருடம் 29,000 பவுண்ட்ஸ் உழைப்பதை (2024 ஏப்ரல் முதல் இதுவே பொதுவான அளவு) சம்பளச் சீட்டுகளாலும் வங்கிக் கூற்றுகளாலும், சொந்தத் தொழில் என்றால் வரிக் கணக்காலும் நிரூபித்தாக வேண்டும். முன்பு மணமானவர் என்றால் விவாகரத்துப் பத்திரமும் வேண்டும். எப்படியும் விசா அதிகாரிக்குக் காட்டப்போகும் கோப்பைச் சம்பந்தி வீட்டாருக்கு ஆறு மாதம் முன்னதாகக் காட்டுவதில் என்ன மானக்குறைவு? பிள்ளையின் குறிப்பை மூன்று சாத்திரிமாரிடம் கொண்டுபோய்க் காட்டும் நாம், ஒரு சம்பளச் சீட்டைக் கேட்கக் கூசுகிறோம்.

முன்னைய மணம் பற்றித்தான் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். அவர் ஊரில் இருந்த காலத்தில் எழுத்து, அதாவது பதிவுத் திருமணம், முடிந்திருந்ததா என்பதைச் சம்பந்தப்பட்ட பிரதேச செயலகத்தில் சிறு கட்டணம் செலுத்தித் தேடுவிக்கலாம். ஆனால் இடப்பெயர்வுகளில் எத்தனையோ ஆவணங்கள் தொலைந்துபோன மண் இது. இலண்டனிலோ கோயிலில் தாலி கட்டிவிட்டுப் பதியாமலே வாழ்ந்து பிரிந்தவர்கள் இருக்கிறார்கள். அப்படியான மணம் எந்தப் பதிவேட்டிலும் எழுதப்பட்டிருக்காது. அதற்கு ஆட்களைத்தான் கேட்க வேண்டும். தரகர் தரும் ஆட்களைத் தவிர்த்து, மாப்பிள்ளை படித்த பாடசாலையின் பழைய மாணவர் சங்கத்திற்கு அங்கே கிளை இருந்தால் அதன் மூலமும், இங்கே அவர் குடும்பத்தோடு இடம்பெயர்ந்து அயலில் இருந்தவர்களிடமும், ஒருவரையொருவர் அறியாத இருவர் மூவரிடமாவது விசாரியுங்கள். "நல்ல பொடியன்" என்று மட்டும் சொல்பவரிடம், எந்த ஆண்டு கடைசியாகக் கண்டீர்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: கட்டார் வேலைக்கு ஆள் எடுப்பதாக ஒருவர் எங்கள் ஊருக்கு வந்து முற்பணம் கேட்கிறார். அவர் உண்மையான முகவரா என்று செலவில்லாமல் அறிவது எப்படி?
– ஒரு வாசகர், கிளிநொச்சி

பதில்: வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற இலக்கத்திற்கு அழையுங்கள், அனுமதி பெற்ற முகவர் நிலையங்களின் பட்டியல் பணியகத்தின் இணையத்தளத்திலும் உண்டு. நிலையத்தின் அனுமதிப்பத்திரம் இன்று செல்லுபடியாகிறதா என்பதோடு, அந்தக் குறிப்பிட்ட வேலைக்கு ஆள் எடுக்கப் பணியகம் அனுமதித்துள்ளதா என்பதையும் கேளுங்கள். ஊருக்கு வருபவர் பெரும்பாலும் துணைத்தரகராக இருப்பார். பட்டியலில் உள்ள நிலையத்தின் பெயரைச் சொல்வது எவருக்கும் எளிது என்பதால், அந்த நிலையத்தின் அலுவலகத்திற்கே நேரடியாகப் பேசி, இவரை அனுப்பியது அவர்கள்தானா என்று உறுதிப்படுத்துங்கள். அதுவரை முற்பணமும் வேண்டாம், கடவுச்சீட்டை அவர் கையில் கொடுக்கவும் வேண்டாம்.