எல்லாம் ஒரே கதைதானே என்று கேட்பவர்களுக்கு என்ன சொல்வது?

தங்கச்சி, குடியாத்தத்துல இருந்து காட்பாடிக்கு ரயில்ல போகும்போது மாயாஜால நாவல் படிக்கிறேன், எதிரிங்க காதலர் ஆகுற கதைன்னா உயிரு, ஆனா "எல்லாம் ஒரே கதை"ன்னு கிளாஸ்ல சொன்னதுல இருந்து படிக்கவே கூச்சமா இருக்குன்னு எழுதியிருக்கீங்க. கூச்சமே வேண்டாம்.

முடிவு தெரிஞ்சு ரசிக்கிறது நமக்குப் பழக்கம்தான். குறுந்தொகையில 400 சொச்சம் பாட்டு. இரவுக்குறி (ராத்திரி ரகசியமா சந்திக்கிறது), இற்செறிப்பு (பொண்ணை வீட்டுக்குள்ளயே காவல்ல வைக்கிறது), உடன்போக்கு (காதலனோட ஊரை விட்டுப் போறது)ன்னு நிலைமைங்க திரும்பத் திரும்ப வரும். ஆனா ஒவ்வொரு புலவரும் அதுக்குள்ள எந்த மனசைக் காட்டுறார்ங்கிறதுலதான் சுவை. உங்க நாவலும் அப்படித்தான். சேருவாங்கன்னு தெரியும், வாளை நீட்டின கை எந்த இடத்துல தயங்குதுன்னு பார்க்கத்தானே பக்கம் புரட்டுறோம்?

அதனால பகைக்கு உண்மையான காரணம் இருக்கான்னு பாருங்க. நாடு, ரத்தம், சத்தியம்னு ஏதாவது இழந்தாதான் அந்தக் காதலுக்கு எடை வரும். வெறும் வாய்ச்சண்டை பத்தாது. அவளை அவமானப்படுத்திட்டு அதையே காதல்னு சொல்ற நாயகன் வந்தா, தயங்காம மூடி வைங்க.

தமிழ்ல வேணும்னா பொன்னியின் செல்வன் எடுங்க. 1950ல இருந்து 1954 வரைக்கும் கல்கி பத்திரிகையில தொடரா வந்தது. மாயாஜாலம் இல்ல. ஆனா நந்தினி, ஆதித்த கரிகாலன் பகை இருக்கே, அப்பப்பா! ராஜ்யம் இழந்த வந்தியத்தேவன் இளவரசி குந்தவை முன்னாடி தடுமாறுறதும் உங்களுக்குக் கண்டிப்பா பிடிக்கும். அவன் வாணர் குலம். அந்த வாணர்கள் ஆண்ட திருவலம் காட்பாடிக்குப் பக்கத்துலதான் இருக்கு.