சுரங்கம் தொடங்கும் முன்பே ஓடை நீரை ஏன் அளக்கிறார்கள்?

சுரங்கம், அணை போன்ற ஒரு திட்டம் நீரையும் நிலத்தையும் மக்கள் வாழ்வையும் எவ்வாறு மாற்றும் என்பதை அனுமதிக்கு முன்பே ஆராய்வது சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு. அமெரிக்காவின் 1969ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு முன்னோடி. இதில் என் பார்வையில் மிக முக்கியமானது, இன்றைய நிலையைப் பதிவு செய்வது. சல்பைடு கனிமம் (உலோகமும் கந்தகமும் சேர்ந்தது) கலந்த பாறையை வெட்டியெடுத்தபின் அதில் காற்றும் நீரும் பட்டால் அமிலம் உருவாகி, உலோகங்களைக் கரைத்து ஓடையில் சேர்க்கும். அந்த ஓடை முன்பு எப்படி இருந்தது என்ற அளவீடு இல்லாவிட்டால், பின்னர் நேர்ந்த கேட்டை நிறுவுவது மிகக் கடினம். வாடகை வீட்டில் குடிபுகும் முன் சுவர் விரிசல்களைப் படம் எடுத்து வைப்பதைப் போன்றது இது. நீர்மட்டம் பருவந்தோறும் மாறுவதால் ஒருநாள் அளவீடு போதாது.

இந்த மதிப்பீட்டின் அறிக்கை தயாரானாலே அனுமதி கிடைத்துவிட்டதாகப் பலர் எண்ணுகிறார்கள்; உண்மையில் அது முடிவெடுப்பவர் முன் வைக்கப்படும் சான்று மட்டுமே, திட்டத்தை நிராகரிக்கவும் அது காரணமாகலாம்.