டொன்சிலை எடுத்துவிட்டால் எதிர்ப்புச் சக்தி குறையுமா?

கேள்வி: என் 6 வயது மகனுக்கு டொன்சில் பெரிதாக இருக்கிறது. எடுத்துவிட்டால் நோயெதிர்ப்புக் குறையுமா?
– ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: இந்த வயதில் டொன்சில் பெரிதாக இருப்பது இயல்பு, பருமன் மட்டும் எடுப்பதற்குக் காரணமாகாது. மூக்கு, தொண்டை, குடல் எங்கும் சீதமென்சவ்வுக்குள் (உட்புறத்தை மூடியிருக்கும் ஈரமான சவ்வு) நிணநீர் இழையம், அதாவது நோயெதிர்ப்புக் கலங்கள் கூடியிருக்கும் இழையம் உண்டு. டொன்சில் அதில் ஒரு காவல் நிலையம்தான். அதன் குழிகளில் சிக்கும் கிருமிகளை உள்ளிருக்கும் கலங்கள் இனங்கண்டு, அவற்றை எதிர்க்கும் புரதங்களான பிறபொருளெதிரிகளை உருவாக்குகின்றன.

பெரிய வேலை நடப்பது சிறுகுடலில். அதன் கடைசிப் பகுதியில் அதிகமாக உள்ள பேயர் திட்டுகள் எனும் நிணநீர் இழையத் திட்டுகளை மூடியிருக்கும் எம் (M) கலங்கள் என்ற சிறப்புக் கலங்கள், குடலில் உள்ள கிருமி போன்றவற்றின் மாதிரியை உள்ளே கடத்துகின்றன. அங்கு விழிப்படையும் பி (B) கலங்கள் எனும் நோயெதிர்ப்புக் கலங்கள் இரத்தத்தில் சுற்றி, மீண்டும் சீதமென்சவ்வுக்கே வந்து ஐஜிஏ (IgA) என்ற பிறபொருளெதிரியைச் சுரக்கின்றன. பாலூட்டும் தாயின் மார்புக்கும் அந்த பி கலங்கள் போவதால் ஐஜிஏ பாலிலும் சேரும். தாய்ப்பாலின் அருமை இங்கேதான். ஆனால் தைபோயிட் கிருமி இதே எம் கலங்கள் வழியாகத்தான் நுழைகிறது. சிகிச்சை பிந்தினால், பெரும்பாலும் மூன்றாம் வாரத்தில், அந்தத் திட்டுகள் புண்ணாகிக் குடலில் துளை விழலாம்.

ஆகவே டொன்சிலை எடுத்தாலும் மற்ற இழையங்கள் வேலையைத் தொடரும். ஆனாலும் அவசரம் வேண்டாம். தொண்டை அழற்சி வந்த திகதி, காய்ச்சலின் அளவு, சீழ், கழுத்துக் கட்டி ஆகியவற்றைக் கொப்பியில் குறித்து வையுங்கள். ஒரு வருடத்தில் 7 தடவை, அல்லது 2 வருடங்கள் தொடர்ந்து வருடத்துக்கு 5 தடவை வந்தால் சத்திரசிகிச்சை பற்றிப் பேசலாம். குறட்டையோடு மூச்சு இடையிடையே நின்றால் எண்ணிக்கொண்டிருக்காமல் காது மூக்கு தொண்டை நிபுணரிடம் காட்டுங்கள்.