மூன்றாவது கியரை விட்டு நகராத கார்

கேள்வி: என் ஆட்டோமேட்டிக் கார் சூடானதும் மூன்றாவது கியரிலேயே நின்றுவிடுகிறது. அணைத்துப் போட்டால் சரியாகிறது. கியர்பாக்ஸை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: அவசரப்படாதீர்கள். அணைத்துப் போட்டதும் சரியாகிறது என்றால் என் முதல் சந்தேகம் வயரிங் மேல்தான். மின்கோளாறு தெரிந்தால் கியர்பாக்ஸ் கம்ப்யூட்டர் சோலினாய்டுகளுக்கு (கியர் மாற்றும் ஆயிலைத் திறந்து மூடும் மின் வால்வுகள்) கரண்டை நிறுத்தும். வண்டி ஒரே கியரில் ஓடும். 'லிம்ப் மோட்' என்பது அதுதான்.

ஸ்கேனரில் பி0700 (P0700) என்ற கோளாறு கோடு வந்ததுமே பாக்ஸ் போச்சு என்பார்கள். அது வெறும் அழைப்பு மணிங்க; கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரில் ஏதோ கோளாறு பதிவாகியிருக்கிறது என்று மட்டும்தான் சொல்லும். கியர்பாக்ஸ் கம்ப்யூட்டருக்குள் போய், பி0753 மாதிரி சோலினாய்டு சர்க்யூட் கோடு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பேட்டரி, எர்த் வயர் இரண்டையும் சோதித்துவிடுங்கள்.

அப்புறம் பாக்ஸின் பெரிய கனெக்டரைக் கழற்றுங்கள். உள்ளே இருக்கும் உலோகப் பின்களில் (pin) பச்சைக் களிம்பு பூத்திருக்கிறதா, ஆயில் கசிந்து ஏறியிருக்கிறதா? அதே இடத்தில் மல்டிமீட்டரை வைத்து சோலினாய்டின் ஓம்ஸை (மின்தடையை) வண்டி ஆறியிருக்கும்போது ஒரு முறை, சூடாகிக் கோளாறு காட்டும்போது ஒரு முறை அளக்க வேண்டும். சர்வீஸ் மேனுவல் அளவோடு ஒப்பிடுங்கள். ஆறியபோது சரியாக இருந்து, சூட்டில் மட்டும் 'ஓப்பன்' (சர்க்யூட் அறுந்திருக்கிறது) என்று காட்டினால் சோலினாய்டோ உள் வயரிங்கோதான். பல வண்டிகளில் பாக்ஸின் அடியிலுள்ள ஆயில் தட்டை (oil pan) மட்டும் கழற்றியே இவற்றை மாற்றிவிடலாம்.