வாசகர் கேள்வி-பதில்: தீயணைப்பான் லேபிளில் என்ன பார்க்க வேண்டும்?

கேள்வி: எங்கள் குடியிருப்பில் மின்பலகைக்குப் பக்கத்தில் கறுப்புக் கூம்பு வைத்த தீயணைப்பான் ஒன்று மாட்டியிருக்கிறது. மாடிப்படியில் உள்ள பவுடர் சிலிண்டரில் பிரஷர் கேஜ் இருக்கிறது, இதில் இல்லை. பழுதா?

பதில்: பழுது இல்லை. அது கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர். அதற்குள் வாயு அழுத்தத்தில் திரவமாகி இருக்கிறது. திரவம் ஒரு சொட்டு மிச்சம் இருந்தாலும் அழுத்தம் மாறாது. 20 டிகிரி வெப்பத்தில் ஏறக்குறைய 57 பார் இருக்கும். சமையல் எரிவாயு சிலிண்டரும் இப்படித்தான்: தீரும் நேரம்வரை அடுப்பு ஒரே மாதிரி எரியும், தூக்கிப் பார்த்தால்தான் குறைந்தது தெரியும். ஆகவே இதைத் தராசில் வைத்துத்தான் சோதிக்க வேண்டும். காலி எடை சிலிண்டரிலேயே பொறித்திருக்கும். வாயுவில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால், அதாவது 2 கிலோ சிலிண்டரில் 200 கிராம் போயிருந்தால், மறுநிரப்புக்கு அனுப்புங்கள்.

இன்னொன்று: அடிக்கும்போது கூம்பை வெறுங்கையால் பிடிக்காதீர்கள். வெளியே வரும் வாயு மைனஸ் 78 டிகிரிவரை குளிர்ந்துவிடும், தோல் ஒட்டிப் புண்ணாகும். சிறிய, மூடிய அறையில் அடித்தால் உடனே வெளியே வந்துவிடுங்கள். தீயைத் திணறடிக்கும் வாயு ஆளையும் திணறடிக்கும்.

கேள்வி: லேபிளில் ‘சி’ என்றால் எரிவாயுத் தீ என்கிறார் ஒருவர், மின்சாரத் தீ என்கிறார் மற்றொருவர். எது சரி?

பதில்: இரண்டும் சரி, குழப்பமே அங்குதான். ஐரோப்பிய முறையில் ஏ என்பது மரம், துணி, காகிதம். பி பெட்ரோல் போன்ற திரவம், சி வாயு, டி உலோகம், எஃப் சமையல் எண்ணெய். அமெரிக்க முறையில் திரவமும் வாயுவும் பி-யிலேயே அடங்கும், சி என்பது மின்சாரம் பாயும் கருவி, சமையல் எண்ணெய்க்கு கே. எழுத்தை மட்டும் நம்பாமல் பக்கத்தில் உள்ள படத்தையும் பாருங்கள்.

எண்களும் வெறும் அலங்காரம் அல்ல. ஐரோப்பிய லேபிளில் 21ஏ என்றால், சோதனையில் 2.1 மீட்டர் நீள மரக்கட்டை அடுக்கின் தீயை அணைத்தது என்று பொருள். எண் பெரிதானால் அணைக்கும் திறனும் பெரிது. வாங்கும்போது கிலோவை மட்டும் ஒப்பிடாமல் இந்த எண்ணையும் ஒப்பிடுங்கள்.

கேள்வி: வாணலியில் எண்ணெய் தீப்பிடித்தால் ஏபிசி பவுடர் போதுமா?

பதில்: அதை நம்பாதீர்கள். பவுடர் பாய்ந்து வரும் வேகத்தில், எரியும் எண்ணெய் அடுப்பைத் தாண்டித் தெறிக்கும். சுடர் அடங்கினாலும் எண்ணெயின் சூடு இறங்காததால் மறுபடி பற்றும். கார்பன் டை ஆக்சைடிலும் இதே சிக்கல். தண்ணீர் ஊற்றவே கூடாது. அது எண்ணெய்க்கு அடியில் போய், நொடியில் சுமார் 1,700 மடங்கு ஆவியாக விரிந்து, எரியும் எண்ணெயைத் தூக்கி வீசும்.

இதற்கென்றே இருப்பது வெட் கெமிக்கல் வகை. அதிலுள்ள பொட்டாசியம் உப்புக் கரைசல் எண்ணெயுடன் சேர்ந்து மேலே சோப்பு நுரைபோல ஒரு படலம் கட்டும், சூட்டையும் இறக்கும். அது இல்லாத வீட்டில் அடுப்பை அணையுங்கள், பெரிய தட்டை ஓரத்திலிருந்து நகர்த்தி வாணலியை மூடுங்கள். பிறகு முழுக்க ஆறும்வரை திறக்காதீர்கள். வாணலியைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடவே ஓடாதீர்கள்.

கேள்வி: பயிற்சியில் தீயணைப்பானின் கைப்பிடியைப் பூட்டி வைக்கும் ‘பின்’ (ஊசி) எவ்வளவு இழுத்தும் வரவில்லை. ஏன்?

பதில்: பெரும்பாலும் பதற்றத்தில் இரண்டு கைப்பிடிகளையும் சேர்த்து அழுத்திக்கொண்டே இழுத்திருப்பீர்கள். அழுத்தம் பின்னின்மேல் இறங்கி அதை இறுக்கிவிடும். சிலிண்டரைத் தரையில் வையுங்கள், மேல் கைப்பிடியைத் தொடாதீர்கள், பின்னின் வளையத்தைத் திருகி பிளாஸ்டிக் சீலை அறுத்த பிறகு இழுங்கள். சுலபமாக வந்துவிடும்.

அடுத்து, வெளியேறும் வாசல் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்படி 2 முதல் 3 மீட்டர் தள்ளி நில்லுங்கள். சுடரை விட்டுவிட்டு, எரியும் பொருளின் அடியைக் குறிவைத்து இடமும் வலமுமாக வீசி அடியுங்கள். சிறிய பவுடர் சிலிண்டர் பத்து நொடிக்குள் காலியாகலாம், குறி பார்க்கும் முன்பே அழுத்தத் தொடங்கினால் பாதி வீண். காலியான பின்னும் எரிந்தால் வெளியேறிக் கதவைச் சாத்துங்கள்.

பயிற்சிக்கு ஒரே ஒரு நொடி அடித்த பவுடர் சிலிண்டரைத் திரும்ப மாட்டி வைக்காதீர்கள். வால்வின் வாயில் பவுடர் துகள் சிக்கி, அது முழுதாக மூடாது. அப்போது பச்சையில் நிற்கும் கேஜ் முள், அழுத்தம் கசியக் கசிய இறங்கிவிடும். அன்றே மறுநிரப்புக்கு அனுப்புங்கள்.