வாசகர் கேள்வி பதில்: கொலராடோ வேட்டைக்கு மருந்துவாழ்மலையில் தயாராகலாம்

கேள்வி: ஐயா, எனக்கு 54 வயது. குலசேகரத்தில் கொஞ்சம் ரப்பர் இருக்கிறது, பால்வெட்டும் நான்தான். மகன் அமெரிக்காவில், கொலராடோ மாநிலம் டென்வரில் எச்1பி விசாவில் வேலை பார்க்கிறான். அங்கே வேட்டை சட்டப்படி நடக்கிறதாம். அடுத்த வருடம் அக்டோபரில் விசிட்டர் விசாவில் வந்தால், சமவெளியில் ஆன்டிலோப் என்கிற மான் மாதிரி மிருகம், மலையில் எல்க் என்கிற பெரிய மான் இரண்டுக்கும் கூட்டிக்கொண்டு போகிறேன் என்கிறான். நீங்கள் அந்தப் பக்கம் பல வருடம் இருந்ததாக எழுதியிருந்தீர்கள். இப்போதிருந்தே என்ன செய்யணும்? எந்தத் துப்பாக்கி நல்லது?
– ஒரு வாசகர், குலசேகரம்

பதில்: துப்பாக்கியைக் கடைசியில் பார்ப்போம். முதலில் காகிதம், அப்புறம் கால்.

விசிட்டர் விசாவிலோ எச்1பி-யிலோ இருப்பவர் அமெரிக்காவில் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது அந்த நாட்டு மத்திய சட்டப்படி குற்றம். அதற்கு இருக்கும் விலக்குகளில் ஒன்று, ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த, காலாவதி ஆகாத வேட்டை லைசென்ஸ். அது உங்களிடம் இருந்தால்தான் வேட்டைக்கு மட்டுமல்ல, ஒரு நாள் முன்னாடி குறி பழகப் போகும் இடத்திலும் ரைஃபிளைக் கையில் வாங்கலாம். மகனுக்கும் இதே கதைதான், அதனால் அவனுடைய லைசென்ஸ் தேதியையும் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். தெரிந்தவர் கொடுத்தார், ஒரு தடவை சுட்டுப் பார்த்தேன் என்பதெல்லாம் விசாவையே காவு வாங்கிவிடும்.

1949 ஜனவரி 1-லோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் கொலராடோவில் லைசென்ஸ் வாங்க வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு முடித்த சான்றிதழ் காட்ட வேண்டும். ஆன்டிலோப்புக்கும் பெரும்பாலான நல்ல எல்க் இடங்களுக்கும் குலுக்கல் உண்டு. விண்ணப்பம் ஏப்ரல் முதல் வாரத்திலேயே முடிந்துவிடும். அக்டோபர் வேட்டைக்கு ஏப்ரலா என்று நினைக்காதீர்கள். விட்டுப்போனால் மிஞ்சிய லைசென்ஸ் ஆகஸ்டில் விற்பனைக்கு வரும், ஆனால் நல்ல இடம் கிடைப்பது கஷ்டம். வெளியூர்க்காரருக்கு எல்க் லைசென்ஸ் மட்டும் 700 டாலரைத் தாண்டும், அந்தக் கணக்கையும் மகனிடம் இப்போதே பேசிவிடுங்கள்.

சரி, கால். டென்வரே கடல் மட்டத்திலிருந்து 1,600 மீட்டர் உயரம். எல்க் நிற்கும் இடம் 2,500-லிருந்து 3,500 மீட்டர் வரை. நாமோ கடற்கரை மாவட்டத்து ஆட்கள். அந்த உயரத்தில் நாற்பது அடி ஏறினாலே நெஞ்சு படபடக்கும், தலை வலிக்கும், ராத்திரி தூக்கம் வராது. போய் இறங்கியதும் மலைக்கு ஓடாமல் டென்வரில் மூன்று நாள், அப்புறம் மலையடிவாரத்தில் ஒரு ராத்திரி என்று உடம்பைப் பழக்குங்கள். தண்ணீர் நிறையக் குடியுங்கள், மது வேண்டாம். கிளம்பும் முன் டாக்டரைப் பார்த்து இசிஜி, டிரெட்மில் இரண்டும் எடுத்துவிடுங்கள். 54 வயதில் இதைத் தள்ளிப்போடக் கூடாது.

ஒரு விஷயத்தில் உங்களுக்கு எந்தப் பயிற்சியும் வேண்டாம். விடியும் முன்னால் நெற்றியில் ஹெட்லைட் கட்டிக்கொண்டு, வழுக்கும் சரிவில், சத்தமில்லாமல் மரத்துக்கு மரம் நடப்பது உங்கள் தினசரி வேலை. எல்க் வேட்டையும் அந்த நேரத்தில்தான் ஆரம்பிக்கும். சூரிய உதயத்துக்கு அரை மணி நேரம் முன்பிருந்து சுடலாம் என்பது அங்கே சட்டம், அதற்குள் இருட்டோடு இருட்டாக இடத்துக்குப் போய் உட்கார்ந்திருக்க வேண்டும். உங்களிடம் இல்லாதது ஏற்றத்தில் சுமை தூக்கும் பழக்கம். வாரத்தில் இரண்டு நாள் சிதறால் மலை, ஞாயிற்றுக்கிழமை மருந்துவாழ்மலை. முதுகில் பையை மாட்டி முதல் மாதம் 5 கிலோ அரிசி, மூன்றாம் மாதம் 10, கடைசியில் 20. ஏறுவதைவிட இறங்குவதில் கவனம் வையுங்கள், முட்டு அங்கேதான் போகும். வாங்கப் போகும் பூட்ஸை இங்கேயே போட்டு நடந்து பழகுங்கள். புதுச் செருப்பு கடிப்பது மாதிரி இல்லை அது, பாளம் பாளமாகத் தோல் உரியும்.

சுமை ஏன் என்று கேட்பீர்கள். எல்க் நம்ம மிளாவின் தூரத்துச் சொந்தம், அதைவிடப் பெரியது; கடா 300 கிலோவைத் தாண்டும். நான் முதன்முதலில் ஒரு எல்க்கைச் சுட்டபோது மணி காலை ஏழரை. வயிற்றைக் கீறியதும் குளிரில் ஆவி எழும்பி என் கண்ணாடியை மூடிவிட்டது, துடைக்கத் துடைக்க மூடியது. கை முழங்கை வரை சூடு, முதுகில் பனி. அண்டங்காக்கைகள் சுற்றி வந்து உட்கார்ந்துவிட்டன. பின்னந்தொடை ஒன்று மட்டும் 30 கிலோ இருக்கும். வண்டி நின்றது நான்கு கிலோமீட்டருக்கு அப்பால். இரண்டு பேர் மூன்று நடை நடந்து, கடைசிப் பையை இறக்கும்போது நன்றாக இருட்டியிருந்தது. தின்னத் தகுந்த இறைச்சியைக் காட்டில் விட்டுவிட்டு வருவது அங்கே குற்றம், என் கணக்கில் பாவமும்கூட. அதனால் எவ்வளவு தூரத்திலிருந்து சுமக்க முடியுமோ அவ்வளவு தூரம் மட்டும் உள்ளே போங்கள்.

ஆன்டிலோப் வேறு மாதிரி. புராங்ஹார்ன் என்று பெயர், உண்மையில் ஆன்டிலோப் இனமே இல்லை. கிட்டத்தட்ட 50 கிலோ எடை, மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் ஓடும், பெரிய கண், திறந்த வெளியில் வெகு தூரத்திலேயே ஆளைப் பார்த்துவிடும். மறைய ஒரு மரம் கிடையாது. பள்ளம் பார்த்துத் தவழ்ந்துதான் போக வேண்டும். அந்தத் தரையில் சப்பாத்திக்கள்ளி குட்டையாகப் புல்லோடு புல்லாகப் படர்ந்து கிடக்கும். முட்டுக்கு உறையும் கைக்குத் தோல் கையுறையும் இல்லாமல் போனால், ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் முள் எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். சமவெளியில் நிறைய நிலம் தனியாருடையது, வேலி இல்லாவிட்டாலும் உரிமையாளரிடம் கேட்காமல் காலை வைக்கக் கூடாது.

இப்போது துப்பாக்கி. தோட்டா அளவு .270 அல்லது .30-06, இரண்டு மிருகத்துக்கும் ஒன்றே போதும், மகனின் கூட்டாளியிடம் இருப்பதே போதும். பழக்கம்தான் பெரிது. இங்கே இருக்கும்போது ஏர் ரைஃபிளில் அட்டையைக் குறிவைத்து, உட்கார்ந்து, மண்டியிட்டு, மூச்சை விட்டு நிறுத்திச் சுட்டுப் பழகுங்கள் (குருவி, கொக்கு பக்கம் திருப்பாதீர்கள்). அங்கே போய் நிஜ ரைஃபிளில் 100, 200 கெஜத்தில் ஒரு சோற்றுத் தட்டு அகலத்துக்குள் ஒவ்வொரு குண்டும் விழுகிறதா என்று பாருங்கள். எந்தத் தூரத்தில் விழவில்லையோ அந்தத் தூரத்தில் மிருகத்தைச் சுடாதீர்கள். ஒருமுறை காற்று அடிக்கும் நாளில் தூரத்தில் நின்ற புராங்ஹார்னை அவசரப்பட்டுச் சுட்டேன். பின்பக்கமாகப் பட்டது. இரண்டு பேர் பொழுது சாயும் வரை புல்லில் ரத்தத் துளி தேடி நடந்தோம், கிடைக்கவில்லை. அது இன்னும் எனக்கு வலிக்கிறது. மிருகம் பக்கவாட்டில் நிற்கட்டும், முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், உடம்பின் கீழ் மூன்றில் ஒரு பங்கு உயரம். அது தெரியவில்லை என்றால் விசையிலிருந்து விரலை எடுத்துவிடுங்கள்.

உடுப்பில் பருத்தி வேண்டாம், நனைந்தால் காயாது, குளிர் உடம்பில் இறங்கும். உள்ளே கம்பளி, வெளியே மழை தாங்கும் சட்டை. அதற்கு மேல் பளிச்சென்ற ஆரஞ்சு அல்லது பிங்க் மேலாடையும் அதே நிறத்தில் தொப்பியும் ரைஃபிள் சீசனில் கட்டாயம். எல்க் தலையை வனவிலங்குத் துறையின் சோதனை இடத்தில் கொடுங்கள். மான் இனங்களுக்கு மூளையைத் தின்னும் நோய் ஒன்று அங்கே இருக்கிறது. மனிதருக்குத் தொற்றியதாக இதுவரை இல்லை, ஆனாலும் நோய் கண்ட இறைச்சியைத் தின்ன வேண்டாம் என்பதே அங்குள்ள சுகாதாரத் துறையின் அறிவுரை. ரிசல்ட் வரும் வரை ஃப்ரீசரில் இருக்கட்டும்.

கேள்வி: சென்ற மாதமும் வேட்டை பற்றி எழுதினீர்கள். உயிரைக் கொல்வதை இப்படிச் சொல்லிக்கொடுக்கலாமா? இங்கே தப்பு, அங்கே சரியா?
– ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: அம்மா, உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. விற்பனைக்காகக் கொன்று குவித்ததில் கொலராடோவில் எல்க் ஏறக்குறைய அழிந்து, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பக்கத்து மாநிலமான வயோமிங்கிலிருந்து கொண்டுவந்து விட வேண்டிய நிலை வந்தது. இன்று அங்கே இரண்டரை லட்சத்துக்கு மேல் இருக்கின்றன. வேட்டை இறைச்சியை விற்கத் தடை, எத்தனை சுடலாம் என்று வருடாவருடம் கணக்கு, 1937 சட்டப்படி வேட்டைத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 11 சதவீத வரி, அது காட்டுக்கே போகிறது. நம் நிலைமை வேறு. கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயம் மொத்தமே 402 சதுர கிலோமீட்டர்தான், அதைச் சுற்றி நாம் இவ்வளவு நெருக்கமாக வாழ்கிறோம். இங்கே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் போட்ட தடை சரி, அது இல்லையென்றால் கீரிப்பாறையில் மிளா மிஞ்சியிருக்காது. கொல்லவே கூடாது என்று நீங்கள் சொன்னால் அதற்கு என்னிடம் பதில் இல்லை, மதிக்கிறேன்.

கேள்வி: காட்டுப்பன்னி மரச்சீனியையும் வாழையையும் உழுது போடுகிறது. நாமே சுட்டால் என்ன?
– ஒரு விவசாயி, பூதப்பாண்டி

பதில்: சுடாதீர்கள் அண்ணே, ஜெயில்தான். காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியை வனத்துறையினர் சுடலாம் என்று 2025 ஜனவரியில் தமிழக அரசு முடிவெடுத்தது. 1 முதல் 3 கிலோமீட்டருக்குள் என்றால் பிடித்துக் காட்டில் விடுவார்கள், 1 கிலோமீட்டருக்குள் சுடவே கூடாது. நமக்கு அந்த அதிகாரம் எங்கும் இல்லை. அவுட்டுக்காய் (தீனிக்குள் ஒளித்த வெடி) வைப்பதும், வேலியில் நேரடியாக மின்சாரம் விடுவதும் வேண்டவே வேண்டாம். பன்றிக்கு வைத்ததில் யானையும் சாகும், ராத்திரி தண்ணீர் பாய்ச்ச வரும் பக்கத்து வயல்காரரும் சாவார். சேதம் ஆன அன்றைக்கே போட்டோ எடுத்து, விஏஓ-விடம் காட்டி, வனச்சரக அலுவலகத்தில் இழப்பீட்டுக்கு மனு கொடுங்கள். உங்கள் நிலம் காட்டிலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்பதையும் அந்த மனுவிலேயே எழுதுங்கள்.